காதில் ஒரு குரல்: ஃபார்முலா 1 ரேடியோ விதிகள் யாருக்கு நியாயம்?

2016 ஜூலை 10, சில்வர்ஸ்டோன். பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ முடியச் சில சுற்றுகளே பாக்கி. இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்த நிக்கோ ரோஸ்பெர்க்கின் மெர்சிடிஸ் ஏழாவது கியரில் மாட்டிக்கொண்டது. ரேடியோவில் பதறினார். காரின் அமைப்பை எந்த நிலைக்கு மாற்ற வேண்டும் என்று ரேஸ் இன்ஜினியர் சொன்னார். ஏழாவது கியரைத் தவிர்க்கவும் சொன்னார். தவிர்ப்பது என்றால் எப்படி என்று ரோஸ்பெர்க் கேட்க, ஏழில் நிற்காமல் தாண்டிவிடும்படி பதில் வந்தது. கார் பிழைத்தது, அவரும் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். பிறகு போட்டி நடுவர்களான ஸ்டூவர்டுகளின் தீர்ப்பு வந்தது: அணி சொன்னவற்றில் சில அனுமதிக்கப்பட்டவை, அதற்குப் பின் சொன்னவை அனுமதி இல்லாதவை. பத்து விநாடி தண்டனை. இரண்டாம் இடம் மேக்ஸ் வெர்ஸ்டப்பனுக்குப் போனது, ரோஸ்பெர்க்குக்கு 18 புள்ளிகளுக்குப் பதில் 15.

இந்தத் தீர்ப்பு விதிப்படி சரியானது. ஆனால் அந்த விதி சரியானதா? ஒரே உரையாடலின் நடுவே கோடு கிழித்து, இதுவரை சொன்னது உதவி இல்லை, இதற்கு மேல் சொன்னது உதவி என்று பிரிக்கச் சொல்கிற விதியை எந்த நடுவராலும் நியாயமாக நடத்த முடியாது என்பதே என் கருத்து.

விதி பிறந்த காரணத்தை முதலில் மதிக்க வேண்டும். ஓட்டுநர் காரைத் தனியாகவும் பிறர் உதவியின்றியும் ஓட்ட வேண்டும் என்று ஃபார்முலா 1 விளையாட்டு விதிகளில் ஒரு வரி இருக்கிறது. இந்த விளையாட்டின் மானமே அதில்தான் அடங்கியிருக்கிறது. 2014 வாக்கில் தொலைக்காட்சியில் கேட்ட ரேடியோ உரையாடல்கள் அந்த வரியைக் கேலிக்குள்ளாக்கின. இந்த வளைவில் உன் அணித்தோழர் தாமதமாக பிரேக் போடுகிறார், அந்த வளைவில் ஒரு கியர் உயர்த்தி எடுக்கிறார் என்று இன்ஜினியர் ஒப்பிட்டுச் சொல்லச் சொல்ல, ஓட்டுநர் திருத்திக்கொண்டே போனார். அணித்தோழர் பயிற்சி முழுவதும் தேடிக் கண்டுபிடித்த நுணுக்கம், காரின் தரவைக் காட்டும் டெலிமெட்ரி திரை வழியாக அரை நிமிடத்தில் இன்னொருவர் காதுக்கு வந்துவிட்டது. திறமையை நம்பி வந்தவனுக்கு இது அநியாயம்தான்.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு இது பழகிய வழக்கு. 1999 உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு எதிரான ஆட்டத்தில் தென்னாப்பிரிக்க கேப்டன் ஹான்சி குரோனியே காதில் கருவி மாட்டிக்கொண்டு பயிற்சியாளர் பாப் வூல்மரின் யோசனைகளைக் கேட்டார். ஆட்டத்தின் நடுவிலேயே அதைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். கிரிக்கெட்டில் அந்தத் தடை நிலைத்தது. பந்துக்கும் மட்டைக்கும் உள்ளே ஓடும் மென்பொருள் எதுவும் இல்லை, பந்து திடீரென்று கோளாறாகிக் கேப்டனின் உயிருக்கு ஆபத்தாவதும் இல்லை.

ஃபார்முலா 1 காரின் கதை வேறு. 2002-இல் இருவழி டெலிமெட்ரிக்கு அனுமதி இருந்தது. பிட்டில் உட்கார்ந்தபடியே ஓடும் காரின் அமைப்பை அணியால் மாற்ற முடிந்தது. அடுத்த ஆண்டே அதைத் தடை செய்தார்கள். காரிலிருந்து தரவு வரலாம், காருக்குக் கட்டளை போகக்கூடாது என்றாகிவிட்டது. ஆனால் இன்னொரு வழி திறந்தே கிடந்தது. இன்ஜினியர் ரேடியோவில் ஓர் எண்ணைச் சொல்வார், ஓட்டுநர் ஸ்டீயரிங்கில் உள்ள குமிழை அந்த எண்ணுக்குத் திருப்புவார். மின்னணுக் கட்டளைக்குப் பதில் மனிதக் கை. 2014-இல் ஹைபிரிட் எஞ்சின் வந்தபோது குமிழ்களும் மெனுக்களும் இன்னும் பெருகின. ஆக, ஓட்டுநர் தனியாகக் கையாள முடியாத காரைக் கட்ட அனுமதித்த அதே விதிப்புத்தகம், பிறகு அவருக்கு யாரும் வழி சொல்லக்கூடாது என்றும் சொன்னது.

ரேடியோ கட்டுப்பாடு 2014 செப்டம்பரில் சிங்கப்பூரில் தொடங்கியது, 2016-இல் முழுமையாக இறுகியது. அந்த ஆண்டு ஜூனில் பாகுவில் நடந்ததுதான் என்னை இந்த விதிக்கு எதிராகத் திருப்பியது. லூயிஸ் ஹாமில்டனின் காரில் எஞ்சின் அமைப்பு ஒன்று தவறாகப் பதியப்பட்டிருந்தது. பிழை அணியுடையது. திருத்தும் வழியும் அணிக்குத் தெரியும். ஆனால் வாய் திறக்கக்கூடாது. சுவர்களுக்கு நடுவே, நேர்ப்பாதையில் மணிக்கு 350 கிலோமீட்டரை எட்டும் அந்த நகரச் சாலையில், ஹாமில்டன் பல சுற்றுகள் ஸ்டீயரிங்கைப் பார்த்துப் பார்த்துக் குமிழ்களை மாற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் மாற்றிப் பார்க்கப்போகிறேன் என்று ஒரு கட்டத்தில் எச்சரித்தார். அது வேண்டாம் என்று மட்டுமே அணியால் சொல்ல முடிந்தது. அதே சிக்கல் ரோஸ்பெர்க்குக்கும் வந்தது. சற்று முன்புதான் அவர் ஒரு குமிழைத் திருப்பியிருந்ததால் காரணம் எங்கே என்று சீக்கிரம் பிடிபட்டது. அவர் வென்றார், ஹாமில்டன் ஐந்தாவது.

இதில் ஓட்டும் திறமை எங்கே சோதிக்கப்பட்டது? கையேட்டை மனப்பாடம் செய்ததைச் சோதித்தார்கள் என்று சொல்லலாம். அதுவும் திறமைதான், தயாராகாமல் வந்தது ஓட்டுநரின் குற்றம் என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தை நான் முற்றாக ஒதுக்கவில்லை. ஆனால் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவைத்து அதைச் சோதிப்பதை என்னால் ஏற்க முடியாது.

சில்வர்ஸ்டோனுக்குப் பிறகு விதியைத் தளர்த்துவார்கள் என்று பார்த்தால், இறுக்கினார்கள். கோளாறு பற்றிச் சொன்னால் காரை உடனே பிட்டுக்குள் அழைக்க வேண்டும் என்றார்கள். இரண்டு வாரத்தில் ஹங்கேரியில் ஜென்சன் பட்டனின் மெக்லாரனில் பிரேக் பெடல் அடிவரை இறங்கியது. அணி வழி சொன்னது. டிரைவ்-த்ரூ தண்டனை கிடைத்தது. விபத்தைத் தவிர்த்ததற்கா தண்டனை என்று பட்டன் கேட்டார். அந்தக் கேள்விக்கு விதியிடம் பதில் இல்லை. அந்த மாதமே ஹாக்கன்ஹைம் போட்டிக்கு முன் தடை பெரும்பாலும் விலக்கப்பட்டது. ஃபார்மேஷன் சுற்றிலிருந்து போட்டி தொடங்கும் வரையான நேரத்துக்கு மட்டும் கட்டுப்பாடு மிஞ்சியது. பதிலுக்கு, அணிகளின் ரேடியோ முழுவதும் ஒளிபரப்புக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது.

அந்த நிபந்தனையை நான் பெரிதாக மதிக்கிறேன். இந்த விளையாட்டில் ரேடியோ பல முறை உண்மையைச் சொன்ன சாட்சி. 2009 மெல்போர்னில், யார்னோ ட்ரூலி ஹாமில்டனை முந்திய விவகாரத்தில் மெக்லாரன் ஸ்டூவர்டுகளிடம் சொன்னது பொய் என்பதை வெளிக்கொண்டுவந்தது ரேடியோ பதிவுதான். ஹாமில்டன் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். 2010 ஹாக்கன்ஹைமில், ஃபெர்னாண்டோ உன்னைவிட வேகமாக இருக்கிறார், புரிந்ததா என்று ஃபெராரி இன்ஜினியர் ராப் ஸ்மெட்லி ஃபெலிப்பே மாசாவிடம் கேட்டதை உலகமே கேட்டது. அணி உத்தரவுக்கு அப்போது தடை இருந்தது. அந்தச் சொற்களில் உத்தரவு எதுவும் இல்லை, ஆனாலும் மாசா வழிவிட்டார். ஃபெராரிக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் விழுந்தது, வெற்றி மட்டும் அணித்தோழர் ஃபெர்னாண்டோ அலோன்சோவிடமே இருந்தது. அடுத்த பருவத்தில் தடையையே எடுத்துவிட்டார்கள். சொல்லைத் தடுத்தால் குறிப்பு வரும், குறிப்பைத் தடுத்தால் எண் வரும். அணியுடன் பேசக் குரல் ரேடியோ இல்லாத மோட்டார் சைக்கிள் பந்தயமான மோட்டோஜிபியிலும் இதே கதைதான். 2017 செபாங்கில் முன்னிலையில் இருந்த லொரென்சோவின் டேஷ்போர்டில் எட்டாம் மேப்பிங்கைப் பரிந்துரைத்து டுகாட்டி அனுப்பிய செய்தி தோன்றியது. அவருக்குப் பின்னால் பட்டக் கனவுடன் அணித்தோழர் டோவிசியோசோ வந்துகொண்டிருந்தார். செய்தியைப் பார்க்கவில்லை என்றார் லொரென்சோ. வென்றது டோவிசியோசோ.

மிஞ்சிய கட்டுப்பாடும் கடுமையானதாகவே இருந்தது. 2020 ஹங்கேரியில் ஈரத் தடம் காய்வதைக் கண்ட ஹாஸ் அணி, ஃபார்மேஷன் சுற்றிலேயே இரு கார்களையும் டயர் மாற்ற உள்ளே அழைத்தது. அன்றைய துணிச்சலான முடிவுகளில் அதுவும் ஒன்று. அந்தச் சுற்றில் அப்படிச் சொல்லக்கூடாது என்று அப்போது விதி இருந்ததால் இருவருக்கும் பத்து விநாடி. கெவின் மாக்னுசன் ஒன்பதிலிருந்து பத்துக்கு இறங்கினார். எனக்கு வருத்தம்தான். ஆனால் குறை சொல்ல மாட்டேன். எப்போது பேசக்கூடாது என்று கடிகாரத்தை வைத்துச் சொல்கிற விதி எல்லா அணிக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். என்ன பேசக்கூடாது என்று பொருளை வைத்துச் சொல்கிற விதி ஒவ்வொரு முறையும் ஒருவருடைய ஊகத்தில் போய் நிற்கும்.

இன்றைய திறந்த ரேடியோவிலும் குறை இருக்கிறது. பொது ஒளிபரப்பில் எதைப் போடுவது என்று தேர்ந்தெடுப்பவர்கள் கோபத்தையும் புலம்பலையும் விரும்புகிறார்கள். அதனால் ஓட்டுநரைப் பற்றி ரசிகரிடம் ஒரு கோணலான படம் சேர்கிறது. வளைவுக்கு வளைவு பாடம் நடத்தும் பழக்கமும் திரும்ப வந்துவிட்டது. அதைச் சரிசெய்ய வேண்டிய இடம் ரேடியோ இல்லை, கார். ஓட்டுநர் திருப்பக்கூடிய அமைப்புகளைக் குறையுங்கள், அணித்தோழரின் தரவைப் போட்டி நேரத்தில் திரையில் காட்டாதீர்கள். சொல்ல ஒன்றும் இல்லாத இடத்தில் இன்ஜினியர் தானாகவே அமைதியாவார். காரின் கோளாறு பற்றியும் பாதுகாப்பு பற்றியும் சொல்லும் எந்தச் செய்திக்கும், எந்தச் சுற்றிலும், தண்டனை கிடையாது என்று விதிகளை வகுக்கும் எஃப்ஐஏ ஒரே வரியில் எழுதிவைக்க வேண்டும்.