பக்கத்து வீட்டுப் பெண், யார் வீட்டுக்குப் பக்கத்தில்?

ஷோபா பற்றிப் பேச்செடுத்தால் இரண்டே இடத்தில்தான் வந்து நிற்கிறது. ஒன்று, 1980 மே 1ஆம் நாள் நேர்ந்த அந்தச் சாவு. இன்னொன்று, 'என்னா இயல்பா நடிச்சிது அந்தப் பொண்ணு' என்கிற பெருமூச்சு. சாவைக் கிசுகிசுக்காரர்களும் அப்புறம் சினிமாக்காரர்களும் தின்று தீர்த்துவிட்டார்கள். அதில் சேர்க்க என்னிடம் எதுவுமில்லை. இந்த 'இயல்பு' என்கிற சொல்தான் உறுத்துகிறது. சிறுபத்திரிகைக்காரர்களான நாமும் கூசாமல் அதைப் புழங்கியிருக்கிறோம்.

அவர் 1962 செப்டம்பரில் பிறந்தவர். இயற்பெயர் மகாலட்சுமி. தாய் பிரேமா மலையாளப் பட நடிகை. சந்திரபாபு இயக்கிய 'தட்டுங்கள் திறக்கப்படும்' 1966இல் வந்தது. குழந்தைக்கு அப்போது நாலு வயசுக்கு மேல் இருக்க வழியில்லை. 1978இல் 'முள்ளும் மலரும்' வள்ளியாக வந்து நிற்கும்போது காமிராவுக்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் கழிந்திருக்கிறது. பட்டறையில் பன்னிரண்டு வருஷம் உளி பிடித்த ஆசாரியின் கைவாகை யாராவது இயல்பு என்று சொல்வார்களா? தொழில் என்போம். நடிகை என்று வந்தால் மட்டும் உழைப்பு மறைந்து, பிறவிக்குணம்போல ஆகிவிடுகிறது. ஆண் நடிகன் 'பாத்திரமாகவே மாறுகிறான்'. பெண்ணோ அப்படியே 'இருந்துவிட்டுப் போகிறாள்'.

வயதுக் கணக்கையும் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. பாலசந்தரின் 'நிழல் நிஜமாகிறது' வந்ததும் 1978இல்தான். எஜமான வீட்டு ஆணால் கர்ப்பமாகிற வேலைக்காரப் பெண். நடித்தவருக்குப் பதினாறு முடியவில்லை. 'அழியாத கோலங்கள்' (1979) இன்னும் சிக்கலான பிரதி. மூன்று பையன்களின் விடலைக் கனவுக்குள் வருகிற இந்து டீச்சர். ஒரு வளர்ந்த ஆண் தன் பால்யத்தைத் திரும்பிப் பார்க்கும் ஏக்கமே படத்தின் பார்வை. அந்தப் பார்வைக்குள் டீச்சர் முதிர்ந்தவளாக, எட்டாதவளாக இருந்தாக வேண்டும். நிஜத்திலோ டீச்சருக்கும் பதினேழுதான். படம் பையன்களின் வயதைப் பற்றி உருகுகிறது. டீச்சருடைய வயது அதற்குப் பொருட்டேயில்லை. பாலு மகேந்திராவின் ஒளியமைப்பை வியந்து பக்கம்பக்கமாக எழுதியவர்கள் (நானும்தான்) இதை எங்கே வைத்துப் படித்தோம்?

'பக்கத்து வீட்டுப் பெண்' என்பது அடுத்த பட்டம். சிவப்புத் தோல் கதாநாயகிகளுக்கு மாற்றாக ஒரு மாநிற முகம் வந்ததென்று அன்றைக்குக் கொண்டாடியதில் நியாயமில்லாமலில்லை. ஆனால் யார் வீட்டுக்குப் பக்கத்தில்? துரையின் 'பசி' (1979) இந்தக் கேள்வியைக் கிளப்பிவிடுகிறது. குப்பம்மா சென்னையில் குப்பை பொறுக்குகிற பெண். அப்பன் ரிக்‌ஷாக்காரன். ஒரு பொட்டலம் பிரியாணி வாங்கித் தருகிற லாரி டிரைவரிடம் ஏமாந்து கர்ப்பமாகிறாள். இந்தப் படத்துக்கு ஷோபா தேசிய விருது பெற்றார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான விருதும் வந்தது. நம் தெருவில் குப்பம்மா வீடு எடுக்க முடியாது, வாடகைக்குக் கேட்டாலே கதவைச் சாத்துவோம். குப்பம்மாவாக ஷோபா வந்தால் கைதட்டுவோம். இதற்காக ஷோபாவைக் குறைசொல்ல முடியாது. அந்தப் படத்தில் அவர் பசியைக் காட்டுவது அழுகையால் அல்ல. சோற்றைக் கண்டதும் உடம்பு முந்திக்கொள்கிற அவசரத்தால். படத்தின் திரைக்கதை அவளைப் பரிதாபத்துக்குரியவளாக்கத் துடிக்கிறது. அந்த உடம்போ அதற்கு இணங்காமல் திமிறுகிறது. விருதுக்குழு எதைப் பார்த்து விருது கொடுத்ததோ தெரியாது, நான் பார்த்தது இதைத்தான்.

அதே திமிறலை 'முள்ளும் மலரும்' கடைசிக் காட்சியிலும் பார்க்கலாம். கல்யாண ஊர்வலத்தை விட்டு வள்ளி அண்ணனை நோக்கி ஓடுகிறாள். தங்கை தன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டாள் என்ற வெற்றி கிடைத்த பிறகுதான் காளி அவளை என்ஜினீயருக்குக் கொடுக்கச் சம்மதிக்கிறான். ஆணின் கௌரவத்துக்குப் பெண் கட்டவேண்டிய வரிதான் அந்த ஓட்டம். தியேட்டரில் விசில் பறக்கிறது, எல்லார் கண்ணும் ரஜினிமேல். அடுத்த தடவை பார்க்கிறபோது அவரைக் கொஞ்சம் விட்டுவிட்டு, அவர் மார்பில் புதைந்திருக்கிற அந்தப் பதினைந்து வயசுப் பெண்ணின் முதுகைப் பாருங்கள்.