அப்பு திரும்பிப் பார்க்கிறான்

'பதேர் பாஞ்சாலி'யில் அக்காவைத் தேடி அப்பு நாணற்காட்டுக்குள் நடந்து வரும் இடம் எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தெவிட்டுவதில்லை. வெள்ளையாகப் பூத்த நாணல் அவனை மறைக்கும் உயரத்துக்கு நிற்கிறது. சில அடி வைக்கிறான், நிற்கிறான், தலையைத் திருப்புகிறான், மறுபடி நடக்கிறான். கதை என்று பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் அந்த நிற்றலில் எவ்வளவு தவிப்பு!

1952 அக்டோபர் 27. படப்பிடிப்பின் முதல் நாள்; எடுத்தது இந்தக் காட்சியைத்தான். இயக்குநர் சத்யஜித் ராய்க்கு வயது 31. அதற்குமுன் ஒரு காட்சிகூட இயக்கியதில்லை. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கும் சினிமா கேமரா புதிது. அப்புவாக வந்த சுபீர் பானர்ஜியோ சின்னப் பையன். நட, நில், பார் என்று சொல்லிக்கொடுத்ததும் விறைப்பாக நடந்தான். ராய் அதன்பின் செய்ததைத்தான் நான் வியந்து வியந்து நினைக்கிறேன். படக்குழுவினர் சிலரை நாணலுக்குள் இருபுறமும் ஒளிந்திருக்கச் செய்து, ஒருவர் மாற்றி ஒருவர் பையனைக் கூப்பிட வைத்தார். அவன் தாண்டி வரும்படி வழியில் சுள்ளிகளைப் போட்டார்.

சொன்னதற்காகத் திரும்பும் கழுத்து சட்டென்று திரும்பிவிடும். குரல் கேட்டுத் திரும்பும் கழுத்துக்கு ஒரு கணத் தாமதம் உண்டு. முதலில் காது விழித்துக்கொள்ளும், பிறகு தலை, கடைசியில்தான் கண். திரையில் அப்புவிடம் இருப்பது அந்தத் தாமதம். சுள்ளியைத் தாண்டத் தூக்கிய கால்தான் நமக்குத் தயங்கும் காலாகத் தெரிகிறது. பையனிடம் ராய் உணர்ச்சியைக் கேட்கவே இல்லை. காதுக்கும் காலுக்கும் வேலை கொடுத்தார்; முகம் தானாக வந்தது. கூப்பிட்ட குரல்கள் எதுவும் படத்தில் இல்லை என்பதால் அந்தத் தேடல் முழுக்க அக்காவுக்கே போய்ச் சேர்கிறது.

 

இதே உத்தி எல்லோருக்கும் பொருந்திவிடாது என்பதும் ராய்க்குத் தெரிந்திருக்கிறது. இந்திர் பாட்டியாக நடித்த சுனிபாலா தேவி எண்பது வயதை ஒட்டியவர், பழைய நாடக நடிகை. அப்புவின் அக்கா துர்கா தொட்டு அசைத்ததும் இறந்துபோன கிழவியின் உடல் சாய்கிறதே, அந்தச் சாய்வில் துளி பாவனை கிடையாது. அங்கே எந்தச் சுள்ளியும் வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மாவை நம்பி கேமராவை ஓடவிட்டாலே போதும்.