‘கேஸ் தீர்ந்துடுச்சு’ என்ற பொய்

ரமணாசிரமத்துக்கு எதிரே செங்கம் சாலையில் நிற்கும் பழைய இன்னோவா, டவேரா ஓட்டுநர்களிடம் பின் ஏசி பற்றிக் கேட்டால், பலரும் சொல்வது ஒன்றுதான்: “கேஸ் தீர்ந்துடுச்சு சார், அடிச்சா சரியாயிடும்.” பழுதைவிட இந்த வாக்கியம்தான் அவர்களுக்கு அதிகச் செலவு வைக்கிறது என்பது என் கருத்து.

ஏசி கேஸ் டீசல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. ஓ-ரிங், ரப்பர் ஹோஸ் வழியாக வருஷக் கணக்கில் கொஞ்சம் கசியலாம். ஆனால் இரண்டு மாசத்துக்கு ஒருமுறை ‘தீர்ந்தால்’ எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் அர்த்தம். ‘தீர்ந்துடுச்சு’ என்று சொன்னதுமே ஓட்டையைத் தேடும் வேலை நின்றுபோகிறது.

இந்த வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே கம்ப்ரசர், ஒரே கண்டன்சர். பின்னால் தனியாக ஒரு கூலிங் காயிலும் எக்ஸ்பான்ஷன் வால்வும் உண்டு. அதுவரை போகும் நீண்ட அலுமினியக் குழாய்கள் வண்டிக்கு அடியில் ஓடுகின்றன. மழைக்காலச் சேறும் ஜல்லியும் அங்கேதான் அடிக்கின்றன. கிளாம்புக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்து, இரும்பும் அலுமினியமும் ஈரத்தோடு உரசும் இடத்தில் குழாய் அரித்துப்போகும். தேட வேண்டிய முதல் இடம் அதுதான். கேஸ் ஆவியாகிவிடும்; அதோடு வரும் எண்ணெய் மட்டும் தங்கும். தூசி ஒட்டிய பிசுபிசுப்பான கறை தெரிந்தால் அங்கே சோப்புத் தண்ணீர் தடவி, நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துப் பார்த்தால் போதும். குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

மலிவு வழி என்று மூன்று புழக்கத்தில் இருக்கின்றன. முதலாவது, ஓட்டையை அடைக்கும் திரவத்தை உள்ளே ஏற்றுவது. குழாய் ஓட்டையை அடைக்கும் சரக்கு எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளையையும் அடைக்கலாம். இதை நான் ஆதரிக்கவில்லை. இரண்டாவது, அரித்த துண்டை வெட்டிவிட்டு ஏசி ஹோஸ் வைத்துச் சேர்ப்பது. நல்ல வழிதான், ஆனால் முனைகளை மெஷினில் கிரிம்ப் செய்ய வேண்டும். சாதாரண ஹோஸ் கிளிப் தாங்காது. டயரில் இருப்பது சுமார் 33 பிஎஸ்ஐ. வெயில் நாளில் ஏசியின் உயர் அழுத்தப் பக்கம் 200 பிஎஸ்ஐயைத் தாண்டும்.

மூன்றாவது, பின் லைனையே முன்னால் பிரியும் இடத்தில் அடைத்துவிடுவது. இதைக் குறுக்கு வழி என்று திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பின்னால் கூலிங் காயிலே போய்விட்டு, கையில் காசும் இல்லை என்றால் இது நியாயமான முடிவு. நிபந்தனை இரண்டு. பிரியும் இடத்தை ஒட்டியே அடைக்க வேண்டும். நீளமாக விட்டால் கம்ப்ரசருக்குத் திரும்ப வேண்டிய எண்ணெய் அங்கே தேங்கும். கேஸ் அளவையும் குறைக்க வேண்டும்; பழைய அளவையே ஏற்றினால் அழுத்தம் எகிறும்.

ஆனால் இதில் சேமிப்பு ஓட்டுநருக்கு, வேர்வை பின் சீட்டுக்கு. சென்னை விமான நிலையத்திலிருந்து நாலு மணி நேரம் பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களில் வயசானவர்கள் நிறைய. பின் ஏசி அடைத்திருப்பதைச் சவாரி பேசும்போதே சொல்லிவிட வேண்டும்.

சும்மா கேஸ் அடித்துக்கொண்டே இருப்பதுதான் நிஜமான விரயம். கசியும்போது எண்ணெயும் போகிறது. எண்ணெய் குறைந்தால் ஒருநாள் கம்ப்ரசர் பிடித்துக்கொள்ளும். பெரிய செலவு அங்கேதான். வெளியே போவது 134ஏ கேஸ். ஒரு கிலோ கசிந்தால், நூறு வருஷக் கணக்கில் ஏறக்குறைய 1,400 கிலோ கரியமில வாயு விட்டதற்குச் சமம். மலையைச் சுற்றி மரம் நடும் ஊரில் இதையும் யோசிக்கலாம்.

ஆகவே அடுத்த முறை மெக்கானிக்கிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: வாக்கும் போட்டு அரை மணி நேரம் நிறுத்திப் பார்த்தாரா? எத்தனை கிராம் கேஸ் ஏற்றினார்? அந்த எண்ணைப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மாசத்தில் மறுபடியும் அவ்வளவு கேஸ் ஏறினால் எவ்வளவு ஒழுகியது என்று அந்தப் பில்லே சொல்லிவிடும்.