ஆனாயர் குழலிசையும் கேட்டார் நிலையும்

இசை கேட்டலான் உடல்நோயும் உளநோயும் நீங்கும் என்னும் கொள்கை இற்றைநாளில் நம்மவரிடைப் பெரிதும் பரவி வருகின்றது. இன்ன இராகம் இன்ன நோய்க்கு மருந்து என அட்டவணை வகுத்த சிறு நூல்கள் கோயில் வாயிற் கடைகளிலும் விற்கப்படுகின்றன. மேடையிற் பேசுவார் சிலர் இதற்குச் சைவ நூற்சான்று வேண்டியவிடத்து ஆனாய நாயனார் புராணத்தையே முதற்கண் எடுக்கின்றனர். சேக்கிழார் பெருமானை இவ்வழக்கிற் சான்றாக அழைத்தல் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது. இசையால் உள்ளம் நெகிழ்தலை யாம் மறுக்கின்றிலேம். தேவாரம் ஓதும் மரபில் வளர்ந்தார் எவரும் அதனை மறுக்க ஒருப்படார். ஆசிரியர் சொல்லாததனைச் சொன்னாராகக் காட்டுதலே எமக்கு உடன்பாடன்று.

மழநாட்டுத் திருமங்கலத்தில் ஆயர் குலத்திற் றோன்றிய ஆனாயர் நிரை மேய்ப்பவர், குழலில் வல்லவர். மூங்கிலை அரிந்து துளையிட்டுக் குழல் அமைக்கும் முறையினையும், துளைகளின்மேல் விரல் இயங்கும் முறையினையும் ஆசிரியர் இசைநூல் வழக்குப் பிறழாது விரித்துரைக்கின்றார். கதை கேட்கும் ஆர்வத்தால் அப்பகுதியைப் பலர் விரைந்து கடந்துவிடுவர். அது கடத்தற்பாலதன்று. பின்னே வரும் வியப்பெல்லாம் பயின்று பெற்ற ஒரு தொழிலின்மேல் நிற்கின்றன என்பதனை அதுவே அறிவிக்கின்றது. கார்காலத்து ஒருநாள் பூந்துணர் மாலையெனத் தாழ்ந்த கொன்றை ஒன்றினை நாயனார் காண்கின்றார். அம்மரம் அவர்க்குக் கொன்றை சூடிய பெருமானாகவே தோன்றுகின்றது. உள்ளம் உருகுகின்றது. அவ்வுருக்கமே திருவைந்தெழுத்தாய்க் குழல்வழி முல்லைப்பண்ணில் வெளிப்படுகின்றது. முதற்கண் உருகினவர் வாசிப்பவர். கேட்டன யாவும் பின்னரே உருகின. இவ்வரிசையை நினைவிற் கொள்க.

கேட்டவற்றின் நிரல் ஆனிரையில் தொடங்குகின்றது. பசுக்கள் அசையிடுதலை மறந்து நாயனார்பால் வந்து சேர்கின்றன. பாலுண்ட கன்றுகள் வாயில் நுரையோடு முலையை மறந்து நிற்கின்றன. எருதும் மானும் மயிலும் பிற பறவைகளும் தத்தம் செயல் ஒழிகின்றன. உடன்மேய்க்கும் கோவலரும் தொழில் மறக்கின்றனர். கீழுலகத்தாரும் மேலுலகத்தாரும் வருகின்றனர். பகைமை உடைய உயிர்கள் பகை மறக்கின்றன. பாம்பு மயிலின்மேல் மயங்கி விழுகின்றது, அரிமாவும் யானையும் ஒருங்கு நிற்கின்றன, புல்வாய் புலியின் வாயருகே செல்கின்றது. இறுதியில் உயிரில்லன என நாம் கருதுவனவும் அடங்குகின்றன: காற்று அசைகின்றிலது, கொம்பு ஆடுகின்றிலது, அருவியும் முகிலும் கடலும் ஒலிக்கின்றில.

இந்நிரலில் ஒன்றேனும் 'நலம் பெற்றது' எனக் கூறப்படவில்லை. எல்லாம் நின்றன, எல்லாம் மறந்தன. வருத்துவனவும் வருந்துவனவும் ஒரே உணர்வின்கண் நின்றமையே பகை நீங்கியதற்குக் காரணமாக ஆசிரியரால் உரைக்கப்படுகின்றது. புலி சாதுவாயிற்று என்றாரல்லர். தான் புலி என்பதனை அப்பொழுது மறந்தது என்பதே கருத்து. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்னும் நம் சித்தாந்த உண்மைக்கு இதனினும் தெளிந்த காட்டு அரிது. செவி வழியாக உயிர் ஓசையைச் சார்கின்றது. சார்ந்தபோது ஓசையில் உள்ளது யாதோ அதுவே ஆகின்றது. இங்கே ஓசையில் இருந்தது ஐந்தெழுத்து. வேறொரு குழலில் வேறொன்று இருப்பின் உயிர் அதுவே ஆகும். ஆதலால் 'இசை நன்று' எனப் பொதுப்படக் கூறுதல் சித்தாந்திக்கு ஏலாது. வித்தியா தத்துவங்களுள் விருப்பினை எழுப்புவதாகிய அராகமும், பாடுவார் ஆலாபனம் செய்யும் இராகமும் வடமொழியில் ஒரு சொல்லே என்பதனையும் இவ்விடத்து எண்ணிப் பார்க்கலாம்.

சில ஆண்டுகளுக்குமுன் ஒரு சொற்பொழிவாளர், இங்கிலாந்து தேசத்தார் இன்று கண்டதனை ஆனாயர் அன்றே கண்டார் என முழங்கினார். அவர் கருதியது 2001-ஆம் ஆண்டில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட செய்தி. மெல்ல நடக்கும் இசையைக் கேட்பித்தபோது பசு ஒன்றுக்கு நாளொன்றில் 0.73 லிட்டர் பால் மிகுதியாகக் கிடைத்தது என்பது அது. செய்தி மெய்யாகவே இருக்கட்டும். ஆனாயர் புராணத்தில் நிகழ்ந்தது அதற்கு நேர்மாறன்றோ? அசையிடாத பசுவும் பாலுண்ணாத கன்றும் ஆயனுக்கு என்ன ஊதியம் தரும்? சேக்கிழார் வேளாண் குடியினர். ஆனிரையின் இயல்பு அறியாதவரல்லர். பால் மிகுந்தது என்று சொல்லவேண்டியவிடத்து அதனை அவர் தெளியச் சொல்லியே இருக்கின்றார். அவ்விடம் சண்டேசுர நாயனார் புராணம். சேய்ஞலூரில் விசாரசருமர் மேய்த்தபோது பசுக்கள் முன்னையினும் மிகுதியாகப் பால் சொரிந்தன. அதற்குக் காரணம் குழலன்று. நல்ல புல் உள்ள இடம் தேடி மேய்த்தலும், நீரூட்டலும், நிழலில் நிறுத்தலும், அஞ்சாவண்ணம் அன்போடு பேணலுமே. பயன் வேண்டுமிடத்துப் பேணலையும், பயனை மறக்குமிடத்து இசையையும் ஆசிரியர் வைத்த வேறுபாடு நோக்கத்தக்கது.

இனி, இன்ன பண் இன்ன நோய்க்கு என்னும் கொள்கையைத் திருமுறை வரலாற்றோடு ஒட்டிப் பார்ப்போம். திருவதிகையில் அப்பர் பெருமானது சூலை நீங்கப் பாடிய முதற் பதிகம் கொல்லிப்பண். இக்காலத்து ஓதுவார் மரபில் நவரோசு. அதனால் வயிற்றுநோய்க்கு நவரோசு மருந்து என்பர் ஒரு சாரார். ஆளுடைய பிள்ளையார் அதே கொல்லியில் ஆலவாயில் மங்கையர்க்கரசியாரின் அச்சம் தீர ஒரு பதிகம் அருளினார். தந்தையார் வந்தபோது கழுமலத்தை நினைந்து மற்றொரு பதிகம் அருளினார். சூலை எங்கே, அரசியின் கவலை எங்கே, ஊர் நினைவு எங்கே! மறுதலையாகவும் நோக்குக. பாண்டியன் வெப்பு நீங்கிய திருநீற்றுப் பதிகம் காந்தாரம். கொங்குநாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைப் பற்றிய குளிர்சுரம் நீங்கிய பதிகம் வியாழக்குறிஞ்சி. இரண்டும் சுரமே, பண்ணோ வேறு. மழநாட்டுத் திருப்பாச்சிலாச்சிராமத்தில் முயலகன் நோய் நீங்கியது தக்கராகம். திருமருகலில் விடம் தீர்ந்தது இந்தளம். பண் ஒன்றாக நோக்கம் பலவாகவும், நோய் ஒன்றாகப் பண் பலவாகவும் வருதலால், அட்டவணை வகுப்பார்க்கு இவ்வரலாறு இடந்தருவதன்று. அன்றியும், அதிகையிற் பாடினவர் நோயாளர் தாமே. பாடுமுன் திலகவதியார் ஐந்தெழுத்து ஓதித் திருநீறு அளித்தார். கேட்டு நோய் நீங்கினார் என்பதற்கு அங்கே யாதொரு சொல்லும் இல்லை.

மேனாட்டு ஆராய்ச்சியாளர் கூறுவனவற்றை இகழ்தல் எம் கருத்தன்று. அவர்தம் நிதானமே நம் அட்டவணைக்காரர்க்கு இல்லாதது. 1993-ஆம் ஆண்டில் 36 கல்லூரி மாணாக்கர்க்கு மோட்சார்ட் என்பாரின் இசையைப் பத்து நிமிடம் கேட்பித்துச் சோதித்தனர். உருவங்களை மனத்தில் மடித்தும் திருப்பியும் காணும் திறன் சிறிது உயர்ந்தது. அவ்வுயர்வு பத்து அல்லது பதினைந்து நிமிடத்துக்குமேல் நிலைபெறவில்லை. அதனையே பிடித்துக்கொண்டு 1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைகட்கெல்லாம் இசைத்தட்டு வழங்க முற்பட்டார்! மிகைப்படுத்துவார் எந்நாட்டிலும் உளர். 2001-ஆம் ஆண்டில் வேறு சிலர் மீண்டும் சோதித்து, அவ்வுயர்வு கேட்டாரது கிளர்ச்சியாலும் மகிழ்ச்சியாலும் வந்ததே எனவும், மெல்லிய துயர இசையால் அது வரவில்லை எனவும் காட்டினர். 2008-ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரத்தார் மூளை இரத்தக்குழாய் அடைப்புற்ற 60 நோயாளரைக் கொண்டு செய்த ஆய்வு இவற்றினும் மதிப்புடையது. இரண்டு திங்கள் நாள்தோறும் இசை கேட்டவர், கேளாதவரினும் சொன்னினைவிலும் கவனத்திலும் விரைந்து தேறினர். சோர்வும் அவர்க்குக் குறைந்திருந்தது. அவர்கள் கேட்டவை மருத்துவர் விதித்த இராகங்களல்ல. தாமே விரும்பித் தேர்ந்த பாடல்கள். 2011-ஆம் ஆண்டில் கனடாவின் மாண்ட்ரீல் நகரத்தார், இசையால் மயிர்க்கூச்செறியுங்கால் மூளையில் டோபமைன் என்னும் பொருள் சுரப்பதனையும், இனிய இடம் வருமுன் எதிர்நோக்கும்போது ஒரு பகுதியிலும் வந்தபோது மற்றொரு பகுதியிலும் அது நிகழ்வதனையும் கண்டனர். ஆளத்தி செய்து பண்ணை மெல்ல மெல்லத் திறக்கும் நம் ஓதுவார் இதனைப் பயிற்சியால் அறிவர்.

இவையெல்லாம் இன்பத்தைப் பற்றியன. இன்பம் நோயாளர்க்கு வேண்டுவதே. பழைய தேவாரப் பாடலை நாடோறும் கேட்டுத் துயர் ஆறும் முதியோரை யாம் அறிவோம். அவர்க்கு இது போதும். ஆயினும் அவ்வாறுதலைப் பண்ணின் மந்திர ஆற்றல் என விற்பனை செய்து, தாளக்கருவிகளின் ஆரவாரத்தில் சொல் கேளாவண்ணம் திருப்பதிகத்தைப் பதிவு செய்து, ஒலிபெருக்கியில் ஊர் அதிர விடுதல் எவ்வகையிற் சேரும்?

ஈண்டு ஒரு தடை எழும். ஆனாயர் குழலிற் சொல் ஏது? பசுவும் பாம்பும் ஐந்தெழுத்தை அறிந்தா உருகின? அறியாது உருகின எனின், உருக்கியது ஓசையே அன்றோ என்பர். நல்ல தடை, எளிதில் தள்ளற்பாலதன்று. புராணத்தின் முடிவே இதற்கு விடை தருகின்றது. குழல் கேட்ட உயிர்கள் பின்னர் யாதாயின என ஆசிரியர் கூறிற்றிலர். பாம்பு முத்தியுற்றது என்றிலர். புலி திருந்திற்று என்றிலர். ஓசை அவற்றுக்குத் தந்தது தன்னை மறந்து நின்ற ஒரு பொழுது. அப்பொழுது கழிந்தபின் பசு மீண்டும் அசையிட்டிருக்கும் எனக் கொள்வதில் தடையில்லை. விடைமேல் வந்த பெருமான் அழைத்தது ஆனாயரை மட்டுமே. ஓசையில் ஐந்தெழுத்தை அறிந்து வைத்தவர் அவர் ஒருவரே ஆதலின், உருக்கம் அவர்க்கு மாத்திரம் ஒரு பொழுதோடு ஒழியாது நிலையாயிற்று.

பெருமான் அவரை அழைத்த காரணமும் கருதத்தக்கது. நின்றவாறே குழல் ஊதிக்கொண்டு தம்பால் வருமாறு பணித்தது, அக்குழலோசையைத் தாம் என்றும் கேட்டற்பொருட்டு. ஆனிரையிற் றொடங்கிய கேட்போர் வரிசையில் கடைசியாக வந்து நிற்பவர் அவரே. ஆனாயர் புராணத்தை இசை மருத்துவத்துக்கு மேற்கோளாக எடுப்போர், இனி இவ்விறுதிச் செய்யுள்களையும் உடனெடுத்து, அப்பெருமானுக்கு எந்நோய் நீங்கிற்று என்பதனையும் தம் அட்டவணையில் எழுதிக் காட்டுவாராக.