படைக்கொட்டிலும் கொல்லன் குடிலும்

அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் சென்ற வரலாறு தமிழ் பயின்றார் யாவரும் அறிந்ததே. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான், ஔவையார் கண்டார், பாடினார். அப்பாட்டு புறநானூற்றின் 95-ஆம் பாட்டாக நிற்கிறது. வகுப்பறையில் இதன் விளக்கம் விரைவில் முடிந்துவிடுகிறது. புகழ்வது போலப் பழித்தல், பழிப்பது போலப் புகழ்தல் என்று ஆசிரியர் சொல்ல, மாணவன் எழுதி மதிப்பெண் பெறுகிறான். பாட்டின் பிற்பகுதி படிக்கப்படாமலே போகிறது.

பாட்டின் கருத்து இது. இங்குள்ள படைகள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தமுற்று, நெய் பூசப்பெற்றுக் காவல் மிக்க பெருமனையில் இருக்கின்றன. அங்குள்ளவையோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லனது சிறிய குடிலில் கிடக்கின்றன. ‘இவை’, ‘அவை’ என்ற இரண்டு சுட்டுகளிலேயே பாட்டு நடக்கிறது. தொண்டைமான் பெயர் பாட்டில் எங்கும் இல்லை. அச்செய்தியைத் தருவது அடிக்குறிப்பே. இன்னொன்றும் நோக்கத்தக்கது. பாட்டில் வருவது வேல். ஆயின் துறை வகுத்தோர் இதனை வாண்மங்கலம் என்றனர். படைக்கலத்தை வாழ்த்தும் துறைக்கு வாளே பெயராயிற்று போலும்.

படைக்கலத்தை அழகுப் பொருளாகக் கண்டு மகிழும் மனம் பழமையானது மட்டுமன்று, இன்றும் உள்ளது. ஜொகூரில் வளரும் தமிழ் இளைஞரிலும் ஜப்பானிய வாட்களின் பெயர்களைத் தடையின்றிச் சொல்வோர் உண்டு. ஓரடிக்குக் குறைந்தது தந்தோ. ஓரடிக்கும் ஈரடிக்கும் இடைப்பட்டது வாகிசாசி. அதனினும் நீண்டது கத்தானா. சாமுராய் மறவர் நெடுவாளும் குறுவாளும் இணையாகச் செருகிக்கொள்வர். 1876-இல் ஜப்பானிய அரசு பொதுவிடத்தில் வாள் தரிப்பதைத் தடை செய்யும்வரை அவ்வழக்கம் நின்றது.

அவ்வாட்கலையை எளிதென்று தள்ள இயலாது. இரும்பு மணலையும் மரக்கரியையும் களிமண் உலையில் இட்டு மூன்று நாள் இரவுபகல் காய்ச்சுவர். வெளிப்படும் பாளத்தில் தக்க பகுதியை மட்டும் பொறுக்கி, தட்டி, மடித்து, மீண்டும் தட்டி அழுக்கு நீக்குவர். மென்மையான இரும்பை உள்ளே வைத்து வன்மையான உருக்கை மேலே போர்த்துவர். பின்பு முதுகில் தடிப்பாகவும் கூர்வாயில் மெல்லிதாகவும் களிமண் பூசி, பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்ப்பர். மெல்லிய பூச்சுள்ள பக்கம் சட்டெனக் குளிர்ந்து கடினமாகிறது. தடித்த பக்கம் மெல்லக் குளிர்ந்து முறியாத் தன்மை பெறுகிறது. இரண்டும் சேருமிடத்தில் அலை போன்ற வெண்கோடு ஒன்று தோன்றும். அக்கோட்டை வெளிக்கொணர்வது மெருகிடுவோரின் தனித்தொழில். வாள் துருவேறாதிருக்கக் கிராம்பு மணக்கும் எண்ணெய் பூசுவர்.

இந்த எண்ணெய் ஔவையார் பாட்டுக்கு ஒரு விளக்கம் தருகிறது. தொண்டைமானின் படைகள் நெய் பூசியிருந்தன என்பதைக் கேலி என்றே பலரும் கொள்வர். ஆயின் இரும்பறிந்தவன் அதில் கேலி காணான். நெய் பூசாத இரும்பு துருவேறும். ஔவையார் கொட்டிலின் காவற்காரனைப் பழிக்கவில்லை. கொல்லன் குடிலை உடன் வைத்துக் காட்டினார், அவ்வளவே. அக்குடிலைத்தான் படிப்போர் கடந்து செல்கின்றனர். இங்கே ஒரு குறையும் சொல்ல வேண்டியுள்ளது. ஜப்பானிய உலையின் பெயர் தெரிந்த இளைஞனுக்கு ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் இரும்புருக்கிய உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டது தெரிவதில்லை. அவனுக்கு அதனைச் சொல்லாதவர் யார்?

தொண்டைமானின் கொட்டிலுக்கு இக்காலத்து நிகர் ஒன்று சொல்லலாம். அதற்கு ஜொகூரோடும் தொடர்புண்டு. தொக்குகாவா யொஷிச்சிக்கா என்னும் ஜப்பானியப் பிரபு 1921-இல் ஜொகூருக்கு வந்து சுல்தான் இப்ராகிமுடன் வேட்டையாடி நட்புக் கொண்டார். தம் குலத்தார் வழிவழிக் காத்த செல்வங்களை 1935-இல் நகோயா நகரில் அருங்காட்சியகமாகத் திறந்தார். அங்கே யொஷிமிட்சு என்னும் பழங்கொல்லர் வடித்த குறுவாள் ஒன்று தேசியச் செல்வமாகப் போற்றப்படுகிறது. பீலியும் மாலையும் இல்லையே தவிர, எண்ணெயும் காவலும் பெருமனையும் அங்கே உண்டு. 1942-இல் அவரே ஜப்பானியப் படையாட்சியின் ஆலோசகராக மீண்டும் இங்கு வந்தார். அழகிய வாளைக் காத்தவர் வேறு, படையோடு வந்தவர் வேறு என்று பிரித்துவிட இவர் வாழ்க்கை இடம் தரவில்லை.

அப்படையினரின் இடையில் தொங்கிய வாட்களிற் பெரும்பாலானவை தொழிற்சாலையில் விரைந்து செய்யப்பட்டவை. இன்றைய ஜப்பானியச் சட்டம் அவற்றைக் கலைவாளாகப் பதிவு செய்வதில்லை. சிலர் மட்டும் பாட்டன் பூட்டன் வழிவந்த வாளைப் படையுறையில் இட்டு அணிந்திருந்தனர். அத்தகையோரில் தலையாயவர் தென்படைகளின் பெருந்தலைவரான தெராவுச்சி. 1945 நவம்பர் 30-இல் சைகோனில் மவுண்ட்பேட்டன் பிரபுவிடம் அவர் தம் வாட்களை ஒப்படைத்தார். அவற்றுள் குறுவாள் இங்கிலாந்தின் வின்சர் அரண்மனைக்குச் சென்று சேர்ந்தது. வாளிழந்த தெராவுச்சி 1946 ஜூனில் ஜொகூரின் ரெங்கத்தில், போர்க்கைதி முகாமில், நோயுற்று இறந்தார்.

ரெங்கம் குளுவாங்கை அடுத்த தோட்டப்புறம். பால்மரமும் தமிழ்க்குடியும் நிறைந்திருந்த இடம். சயாம்–பர்மா இரயில் பாதை 415 கிலோமீட்டர்; 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. அப்பணி தெராவுச்சியின் தென்படைப் பொறுப்பில் நடந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழரில் பல்லாயிரவர் பசியாலும் வாந்திபேதியாலும் அங்கே மாண்டனர். வாளால் வெட்டுண்டு இறந்தவர் சிலரே. சோறின்றி இறந்தவரே மிகப் பலர். எந்தக் கொல்லனின் கைத்திறனைப் போற்றும்போதும் தோட்டத்துத் தமிழனுக்கு இவ்வெண்ணம் குறுக்கே வருமாயின், அதனைக் கலையுணர்ச்சி இன்மை என்று எவரும் இகழ வேண்டா. கொல்லன் மேல் பழி இல்லை. வாளின் கதை அவன் உலையில் முடிந்துவிடுவதும் இல்லை.

இந்த இடத்தில் பாட்டின் பிற்பகுதி உதவுகிறது. முனை சிதைந்த வேலைச் சொன்னபின் ஔவையார் அவ்வேலின் வெற்றிகளை அடுக்குவார் என்று எதிர்பார்ப்போம். அவர் அடுக்கவில்லை. வேலுக்கு உரியவன் எத்தகையவன் என்று சொல்லப் புகுகிறார். உணவு இருந்தால் என்றும் கொடுப்பவன். குறைந்தபோது உடனிருந்து உண்பவன். இல்லாதாரின் சுற்றத்துக்குத் தலைவன். அவனுடைய கூர்முனை வேல் என்று பாட்டு முடிகிறது. முனை சிதைந்தது என்று முன்னர்ச் சொல்லப்பட்ட அதே வேல் முடிவில் கூர்முனை பெறுகிறது. இலக்கண முறையில் நோக்கினால் இது இன்னும் தெளிவாகும். எழுவாயாகிய வேல் கடைசியில் நிற்க, அதற்கு முன் வரும் அடைகளெல்லாம் தலைவனையே சாருகின்றன. வேலுக்குக் கிடைத்த அடை கூர்மை ஒன்றே. ஆகவே போரில் உடைந்த படை உடையாத படையினும் சிறந்தது என்பது இப்பாட்டின் கருத்தன்று. அப்படியாயின் பர்மாக் காட்டில் தேய்ந்த வாளும் அதியமான் வேலும் ஒருநிகராகிவிடும். சோறு பகிர்ந்தவன் வேல் என்பதே ஔவையார் வைத்த வேறுபாடு. வஞ்சப்புகழ்ச்சி என்று சொல்லி நிறுத்தும் ஆசிரியர் இவ்வேறுபாட்டை மாணவனுக்குக் காட்டாமல் விட்டுவிடுகிறார்.

ஔவையாரின் இன்னொரு பாட்டையும் உடன் வைத்துப் படிக்கலாம். அதியமான் இறந்தபின் அவர் பாடிய கையறுநிலை அது, புறநானூற்றில் 232-ஆவது. நாடே கொடுத்தாலும் கொள்ளாதவன், நடுகல்லின் முன் சிறு கலத்தில் வார்க்கும் கள்ளைக் கொள்வானோ என்று அவர் வருந்துகிறார். தொண்டைமான் கொட்டிலில் படைக்கலம் அணிந்திருந்த மயிற்பீலி அங்கே மீண்டும் வருகிறது. இம்முறை அது சூட்டப்படுவது கல்லுக்கு.

சயாமில் இறந்த போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உண்டு. தோட்டத் தமிழருக்குப் பெயர்ப்பட்டியல்கூட இல்லாதிருந்தது. 2023-இல் அந்நகரின் புத்த ஆலயம் ஒன்றில் அவர்களுக்காக ஒரு கல் நாட்டப்பட்டது. நாட்டியவர்கள் அதற்கு இட்ட பெயர் நடுகல்.