கவசக் குரூசர்கள்: ஒரு கப்பல் மரபின் பள்ளிகளும் அளவுகோல்களும்

1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது நாமறிந்த வரலாறு. அதே தேதியில் வேறு இரண்டு கடல்களில் நடந்ததை நம் பக்கம் யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. வட கடலில் அபூக்கிர், ஹோக், கிரெஸ்ஸி என்ற மூன்று பிரிட்டிஷ் கவசக் குரூசர்களை யு-9 என்ற ஒற்றை ஜெர்மன் நீர்மூழ்கி ஒரே காலைப் பொழுதில் மூழ்கடித்தது. 1,459 பேர் மாண்டார்கள். பசிபிக்கில் ஷார்ன்ஹோர்ஸ்ட், க்னைசெனாவ் என்ற ஜெர்மன் கவசக் குரூசர்கள் இரண்டும் தாஹிட்டியின் பப்பீட்டே நகரைச் சுட்டன.

எம்டன் கவசக் குரூசர் அல்ல. சுமார் 3,600 டன் எடையும் 10.5 செ.மீ. பீரங்கிகள் பத்தும் கொண்ட சிறிய கப்பல் அது. ஆனால் அதைத் தேடி அலைந்தவற்றில் கவசக் குரூசர்கள் இருந்தன. அவை எதற்காகப் பிறந்தவை என்று தெரிந்தால்தான் அந்த வேட்டை ஏன் அத்தனை வாரம் இழுத்தது என்பது விளங்கும்.

மரபின் தாய்ப்பள்ளி பிரான்ஸ். எதிரியின் வாணிபத்தைக் குலைக்க, வேகமாக ஓடக்கூடிய, அதேசமயம் குண்டையும் தாங்கக்கூடிய கப்பல் வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். 1890இல் நீரில் இறங்கிய ட்யூபுய் த லோம் கப்பலின் பக்கங்கள் முழுவதும் எஃகுத் தகடு போர்த்தப்பட்டிருந்தது. அந்தப் பத்தாண்டில் க்ரூப் முறையில் பதப்படுத்திய எஃகு வந்ததும், மெல்லிய தகடே பழைய தடித்த தகட்டின் வேலையைச் செய்தது. மிச்சமான எடை எந்திரத்துக்கும் நிலக்கரிக்கும் போனது. இந்தப் பள்ளியின் கப்பல் ஒன்றுக்கு ட்யூப்ளே என்று பெயர். பக்கத்துப் புதுச்சேரியை ஆண்ட அதே ட்யூப்ளே.

பிரிட்டன் வாணிபப் பாதைகளைக் காக்கக் கட்டியது. கிரெஸ்ஸி வகை 12,000 டன், 6 அங்குலக் கவசம், 21 நாட் வேகம். பின்னால் வந்த மான்மத் வகையில் எண்ணிக்கைக்காகத் தரத்தைக் குறைத்தார்கள் என்பது என் கருத்து. கவசம் 4 அங்குலம்தான். பதினான்கு 6 அங்குலப் பீரங்கிகளில் பல, பக்கவாட்டில் மேலும் கீழுமாக இரண்டு அடுக்குகளில் இருந்தன. கடல் கொந்தளித்தால் கீழடுக்கின் வாயில் அலை புகுந்தது. ஜெர்மானியரோ ஷார்ன்ஹோர்ஸ்டில் எட்டு 21 செ.மீ. பீரங்கிகளை வைத்து, மாலுமிகளைச் சுடும் பயிற்சியில் விடாமல் வாட்டினார்கள்.

1914 நவம்பர் 1 அன்று சிலிக்கரையின் கொரோனெலில் இரு பள்ளிகளும் எதிரெதிரே நின்றன. அன்று கடல் பொங்கிக்கொண்டிருந்தது. குட் ஹோப், மான்மத் என்ற பிரிட்டிஷ் கவசக் குரூசர்கள் இரண்டும் சுமார் 1,600 பேருடன் மூழ்கின, ஒருவர்கூடத் தப்பவில்லை. ஐந்து வாரம் கழித்து, டிசம்பர் 8இல், ஃபாக்லாந்து அருகே 12 அங்குலப் பீரங்கிகள் கொண்ட பிரிட்டனின் இன்வின்சிபிள் வகைப் புதிய கப்பல்கள் ஷார்ன்ஹோர்ஸ்டையும் க்னைசெனாவையும் எட்ட நின்றே அழித்தன. வலியவனை விட்டு ஓடவும் எளியவனைத் துரத்திப் பிடிக்கவும் வேகம் வேண்டும் என்பதே இந்தக் கப்பலின் முதல் அளவுகோல். கவசக் குரூசரைவிட வேகமாகவும் பலமாகவும் ஒன்று வந்த அன்றே அந்த அளவுகோல் முறிந்துவிட்டது. அதற்கு முன், 1905இல் சுஷிமாவில் ஜப்பானியர் தங்கள் கவசக் குரூசர்களைப் பெரும் போர்க்கப்பல்களோடு ஒரே வரிசையில் நிறுத்தி வென்றது, அவற்றின் பலத்தைப் பற்றி மிகையான நம்பிக்கையை உலகுக்குக் கொடுத்திருந்தது.

வங்கக் கடலில் எம்டனைத் தேடிய ஹாம்ப்ஷையர் 10,850 டன் கவசக் குரூசர். தேட வேண்டியது ஒரே கப்பலை, அதுவும் ஒரு சமுத்திரம் முழுவதும். எம்டனோ பிடித்த கப்பல்களின் நிலக்கரியையும் எடுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் நவம்பர் 9இல் கோகோஸ் தீவில் அதை முடித்தது சிட்னி என்ற ஆஸ்திரேலிய இலகு குரூசர். அருகே படைக் கப்பல்களுக்குக் காவலாக வந்த ஜப்பானின் இபுக்கி என்ற கப்பல் போருக்குப் போகத் துடித்தும் அனுமதி கிடைக்கவில்லை. ஹாம்ப்ஷையர் 1916 ஜூன் 5 அன்று, முன்பு இந்தியாவில் தலைமைத் தளபதியாக இருந்த கிச்சனரைச் சுமந்து போகையில், ஓர்க்னி அருகே கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது.

இந்த மரபில் இன்று மிஞ்சியிருப்பது ஒன்றே: இத்தாலியில் கட்டி கிரேக்கம் வாங்கிய யோர்யோஸ் ஆவெரோஃப். 1912, 1913இல் துருக்கிக் கடற்படையை வென்ற அது, இரண்டாம் உலகப் போரில் நாடு வீழ்ந்ததும் தப்பி வந்து, பம்பாயைத் தளமாகக் கொண்டு இந்துமாக்கடலில் வாணிபக் கப்பல்களுக்குக் காவல் போனது.