பொய் மொழியின் மெய்கள்

கதையிலே ஊரைப் படைக்கிறோம், மனிதர்களைப் படைக்கிறோம். அவர்கள் பேசுகிற பாஷையை மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் செய்துவருகிறேன். அதனால்தானோ என்னவோ, மார்க் ஒக்ராண்ட் என்ற அமெரிக்கர் கிளிங்கான் என்ற கற்பனைப் பாஷைக்கு மெய்யொலிகளைப் பொறுக்கிச் சேர்த்த விதத்தைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் கோபமும் கொஞ்சம் பொறாமையும் உண்டாயின. கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கிளிங்கான்கள் 'ஸ்டார் டிரெக்' என்ற தொலைக்காட்சித் தொடரில் 1967-ல் முதன்முதலாக வந்த வேற்றுக் கிரகத்துப் போர்வீரர்கள். அப்போது அவர்கள் பேசியது இங்கிலீஷ்தான். 1979-ல் வந்த சினிமாவில் அவர்களுக்கென்று நாலைந்து வரிகளை உண்டாக்கித் தந்தவர், தொடரில் நடித்த ஜேம்ஸ் டூஹன். 1984-ல் வந்த மூன்றாவது படத்துக்காக ஒக்ராண்ட் அந்த வரிகளை வித்தாக வைத்துக்கொண்டு முழுப் பாஷையையும் வளர்த்தார். மறு வருஷமே அகராதியும் அச்சாகிவிட்டது. ஒக்ராண்ட் விளையாட்டுக்காரர் அல்ல. கலிபோர்னியாப் பூர்வகுடிகளின் முட்சுன் மொழி இலக்கணத்தை ஆராய்ந்து 1977-ல் டாக்டர் பட்டம் வாங்கியவர்.

அவர் வைத்த மெய்கள் 21. அவற்றில் தமிழ்க் காதை உடனே நிறுத்துவது நம்முடைய டகரம்: நாக்கு நுனியை மடித்து மேலண்ணத்தில் வைக்கிற ஒலி, 'வீடு', 'நாடு' என்கிறபோது வருகிறதே, அதேதான். அரபியில் 'குர்ஆன்' என்ற சொல்லின் முதலில் தொண்டைக்குள் பிறக்கிற ககரமும், 'கஜல்' என்பதன் முதலில் உரசிக்கொண்டு வருகிற ககரமும் அங்கே உண்டு. மெக்ஸிகோவின் நஹுவாட்டில் மொழியில் தக்காளிக்கு 'டொமாட்ல்' என்று பெயர். அதன் கடைசி ஒலிக்கு உடன்பிறப்பு ஒன்றும் உண்டு. எல்லாம் எங்கோ ஒரு பாட்டி பேரனைச் சாப்பிடக் கூப்பிடுகிற ஒலிகள். இங்கிலீஷ் காதுக்கு அவை முரடாகக் கேட்கும் என்பதனாலேயே முரடர்களின் வாயில் வைக்கப்பட்டன. என் கோபம் அதன்மேல்தான்.

ஒருமுறை வடக்கே ரயிலில் போகும்போது, எதிரே உட்கார்ந்திருந்தவர் நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல இருக்கிறது என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாங்கள் அப்போது பேசிக்கொண்டிருந்தது தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் எப்படி இறங்குவது என்பதைப் பற்றி.

கிளிங்கானுக்கு நேர் எதிராக நிற்பது டோல்கீனின் குவென்யா. கந்தர்வர்களைப் போன்ற ஓர் இனத்துக்காக அவர் ஆயுள் முழுவதும் இழைத்த பாஷை. அவர் காதுக்கு அழகின் உச்சி. அதில் ஒரு விதி: 'பந்து' என்பதில் தகரத்துக்கும் 'அம்பு' என்பதில் பகரத்துக்கும் நாம் கொடுக்கிற கனத்த ஒலி சொல்லின் முதலில் வராது, பெரும்பாலும் மெல்லின மெய்க்குப் பின்னேதான் வரும். தமிழனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 'வண்டு' என்று ஒரு குழந்தை சொன்னால் போதும்: கந்தர்வர்களின் விதியும் போர்வீரர்களின் டகரமும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. அப்படியானால் அந்தக் குழந்தை பேசுவது அழகா, முரடா? 1996-ல் 'ஹாம்லெட்' நாடகத்தையே கிளிங்கானில் பெயர்த்து அச்சிட்டார்கள். முரட்டுத்தனம் மெய்யொலியிலேயே ஊறியிருந்தால் அந்த ராஜகுமாரனின் தயக்கத்தை எதில் ஏற்றியிருப்பார்கள்?

இனிப் பொறாமை. ஒக்ராண்டின் கெட்டிக்காரத்தனம் அவர் சேர்த்த ஒலிகளில் இல்லை. விட்ட ஒலிகளில் இருக்கிறது. உலகத்துப் பாஷைகளில் மிகப் பெரும்பாலானவற்றில் இருக்கிற சாதாரணக் ககரம் கிளிங்கானில் கிடையாது. சாதாரண ஸகரமும் கிடையாது. நாக்கை மடித்துச் சொல்கிற ஒன்றுதான் உண்டு. நம் நெடுங்கணக்கைப் பாருங்கள்: டகரத்துக்கு ணகரம், தகரத்துக்கு நகரம், றகரத்துக்கு னகரம் என்று வல்லினம் ஒவ்வொன்றும் தன் மெல்லினத்தைக் கைப்பிடித்துக்கொண்டு நிற்கிறது. மனிதப் பாஷைகள் பொதுவாக இப்படித்தான் வரிசை கட்ட விரும்பும். ஒக்ராண்ட் டகரத்தை வைத்தார், ணகரத்தை வைக்கவில்லை. ஆங்கிலத்தாருடைய சாதாரண 'டீ'யைப் பக்கத்தில் வைத்தார். அதற்கு நாக்கை மடித்த ஜோடி வைக்கவில்லை. ஒலி ஒவ்வொன்றும் மனிதனுடையது, கூட்டம் மட்டும் மனிதனுடையதல்ல. வேற்றுக் கிரகத்தை இவ்வளவு சிக்கனமாக, நாலு ஓட்டைகளால் காட்டிய கதாசிரியர் யாரையும் நான் படித்ததில்லை. உறுமலும் கனைப்பும் சினிமாவுக்கு. இந்த ஓட்டைகள்தான் சிருஷ்டி.

இன்னொரு சங்கடத்தையும் அவர் அழகாகச் சமாளித்திருக்கிறார். இனத்தின் பெயர் அவருக்கு முன்னமே இங்கிலீஷில் வைத்தாகிவிட்டது; அது இரண்டு மெய்யைச் சேர்த்துக்கொண்டு தொடங்குகிறது. அவர் வகுத்த விதிப்படி சொல்லின் முதலில் ஒரு மெய்தான் நிற்கலாம். முதல் ககரமோ பாஷையிலேயே இல்லை. ஆகவே அந்த மெக்ஸிகோ ஒலியின் உடன்பிறப்பை அங்கே நிறுத்தி, வெள்ளைக்காரக் காதுக்கு அது அப்படிக் கேட்டுவிட்டது என்று வைத்துக்கொண்டார். நாமும் அந்தப் பெயரை அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. நடுவே ஓர் இகரத்தைச் செருகித்தான் கிளிங்கான் என்கிறோம்.